கொப்புளக் கொழுந்தும் ஜாவாக் குளவியும்

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் இலங்கை மலையகத்தின் டயகமவில் வெயிலைக் காண்பதே அரிது. ஹோட்டன் சமவெளியின் விளிம்பிலிருந்து வழிகிற மூடுபனி தேயிலை மலைகளின்மேல் படிந்து, பகலெல்லாம் இலைகளை ஈரமாகவே வைத்திருக்கும். அந்த வாரங்களில் பறித்த கொழுந்து ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், குண்டூசித் தலையளவில் வெளிறிய புள்ளிகள் சில தென்படும். செடியிலேயே விட்டுவைத்தால் புள்ளி நாளுக்கு நாள் அகலும். இலையின் மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் கொப்புளமாகப் புடைக்கும். கடைசியில் அந்தப் புடைப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த வெள்ளைதான் வித்திகள். காற்றில் ஏறி அடுத்த செடிக்கு, அடுத்த மலைக்கு, அடுத்த தோட்டத்துக்குப் போகத் தயாராக நிற்பவை.

கொப்புள நோய் என்று தோட்டத்தில் எல்லோரும் அறிந்த இதற்குக் காரணம் எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்ற பூஞ்சணம். பயிர் நோய்களில் இது ஒரு தனி ரகம். உயிருள்ள தேயிலை இலையைத் தவிர வேறெங்கும் இதனால் வாழ முடியாது. உதிர்ந்து காய்ந்த இலையில் தங்காது. மண்ணில் ஒளிந்திருந்து நல்ல காலத்துக்குக் காத்திருக்கும் உறங்கு வித்தியும் இதற்கு இல்லை. முற்றிய இலைக்குள்ளும் நுழைய முடியாது. துளிர்த்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் இருக்கும் இளம் இலைதான் வேண்டும், அதுவும் நனைந்திருக்க வேண்டும். ஒரு வித்தி இலையில் விழுந்து, முளைத்து, கொப்புளமாகி, மறுபடி வித்தி வெளிவிட மூன்று நான்கு வாரம் ஆகும். நேர் வெயில் பட்டால் வித்தி விரைவில் செத்துப்போகும்.

இவ்வளவு நிபந்தனைகளோடு வாழும் உயிரி ஒன்று அழிந்துபோகாமல் இருப்பதே வியப்பு. அதற்கான விடை செடியில் இல்லை, தோட்டம் நடத்தப்படும் முறையில் இருக்கிறது. காட்டில் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்து, பருவத்துக்குப் பருவம் மட்டுமே துளிர்விடும். தோட்டத்திலோ அதைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தி, ஆண்டு முழுக்கத் துளிர்க்க வைக்கிறார்கள். பல்லாயிரம் ஏக்கரில், ஒரே உயரத்தில், ஒரே வகைச் செடி ஓயாமல் இளம் இலை விடுகிறது. கொப்புளப் பூஞ்சணம் கேட்பதும் அதைத்தான்.

அதே தோட்டம் அதற்கு ஒரு தடையையும் வைத்திருக்கிறது. ஏழு எட்டு நாளுக்கொரு முறை மலைக்கு வரும் பெண்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டு போகிறார்கள். மூன்று வாரம் தேவைப்படும் பூஞ்சணத்துக்கு அந்தக் கொழுந்தில் கிடைப்பது ஒரு வாரம்தான். கொப்புளம் வெடிப்பதற்கு முன்பே இலை தொழிற்சாலைக்குப் போய்விடும். ஆகவே நோய் நிலைப்பது பறிமட்டத்துக்குக் கீழே, கைபடாமல் தங்கிவிடும் இலைகளில். கவ்வாத்துக்குப் பின் செடி மறுபடி தழைத்து வரும் மாதங்கள்தான் பெரிய ஆபத்து. அப்போது துளிர் ஏராளம், பறிப்பு இல்லை. செம்பு கலந்த மருந்தை அந்தக் காலத்தில்தான் விடாமல் அடிக்கிறார்கள். மலையகத்தின் நோய்த் தடுப்புப் பற்றி எழுதுவோர் மருந்துப் பெயர்களை அடுக்குவார்கள். கொழுந்து பறிக்கும் கை அந்த மருந்துகளுக்கு நிகரான வேலையைச் செய்கிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ஆள் பற்றாக்குறையால் பறிப்புச் சுற்று பத்து, பதினான்கு நாளென்று நீளும்போது இழப்பு முற்றிய கொழுந்தோடு நிற்பதில்லை, பூஞ்சணத்துக்கும் அவ்வளவு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது.

இந்த நோய் இலங்கைக்குப் பழையதல்ல. அஸ்ஸாமில் 1868இலேயே கண்டறியப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகள் இந்தப் பக்கம் எட்டாமல் இருந்த அது, 1946இல் தென்னிந்தியாவிலும் அதே ஆண்டில் இலங்கையிலும் தலைகாட்டியது. சில ஆண்டுகளில் சுமாத்திராவும் ஜாவாவும் அதன் பிடிக்குள் வந்தன. தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் உடனே வேலையில் இறங்கியது. அங்கு நடந்த ஆய்வுகளில் எளிமையாலேயே மனதில் நிற்பது, அலன் கெர், ரொட்ரிகோ இருவரும் 1967இல் வெளியிட்டது. நோய் எப்போது பெருகும் என்பதை முன்கூட்டியே சொல்ல அவர்கள் நம்பியது முக்கியமாக வெயில் நேரத்தை. சில நாட்களின் வெயில் மணிகளைக் கூட்டிப் பார்த்து, குறைந்தால் மருந்தடி, கூடினால் செலவை மிச்சப்படுத்து என்பதே அதன் சாரம். நிழல் மரங்களைப் பற்றிய பார்வையும் இதோடு மாறியது. மழைக்காலத்துக்கு முன் சவுக்குக் கிளைகளையும் முள்முருங்கையையும் வெட்டி வெளிச்சம் விடுவது உரத்துக்கும் விறகுக்கும் மட்டுமான வேலையாக இருக்கவில்லை.

இதற்கு முன்பே ஒரு பூஞ்சணம் இந்த மலைகளின் வரலாற்றைப் புரட்டிப் போட்டிருந்தது. டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் இன்று தேயிலை இருப்பதற்கே அது ஒரு காரணம்.

1869இல் மடுல்சீமைப் பக்கக் கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். மாதிரி இலைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் வழியாக இங்கிலாந்துக்குப் போயின. பூஞ்சண அறிஞர் பெர்க்லி அதே ஆண்டு நவம்பரில் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அப்போது தோட்டக்காரர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் விழ விழ, அவர்கள் இன்னும் அதிகக் காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1878 வாக்கில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் இருந்தது. நோய்க்கு இரையாகும் செடிகளை நோய் பரவும் வேகத்திலேயே பெருக்கிக் கொடுத்ததுதான் அந்தப் பத்தாண்டில் நடந்தது.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் அரசின் அழைப்பில் வந்து இரண்டு ஆண்டு ஆராய்ந்தார். பிசுபிசுப்புத் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்திகள் அதில் ஒட்டுவதைக் காட்டினார். வித்தி இலைத்துளை வழியே எப்படி உள்ளே புகுகிறது என்பதைப் படிப்படியாக விளக்கினார். அவர் சொன்னதில் முக்கியமானது இதுதான்: இடைவெளியே இல்லாமல் ஒரே செடியை மலைமலையாக நட்டதே நோயைக் கொள்ளை நோயாக்கியது, காற்றைத் தடுக்க இடையிடையே மரவரிசை வேண்டும். தோட்டக்காரர்கள் எதிர்பார்த்தது ஒரு மருந்து. அவர் கொடுத்தது ஒரு விளக்கம். ஆனால் ஒட்டுண்ணியின் பெருக்கம் விருந்துவழங்கியின் அடர்த்தியைப் பொறுத்தது என்ற, இன்று நோய்ச் சூழலியலின் அடிப்படையான உண்மையை ஒரு நிலப்பரப்பு முழுவதையும் வைத்து எடுத்துச் சொன்ன முன்னோடிகளில் அவரும் ஒருவர். கோப்பி வீழ்ந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, 1890களின் முடிவில் நான்கு இலட்சம் ஏக்கரை நெருங்கியது. வார்டின் எச்சரிக்கை அந்த மாற்றத்தில் காதில் விழவேயில்லை. செடி மாறியது, நட்ட விதம் மாறவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. மைசூர்ப் பகுதித் தோட்டமொன்றில் கென்ட் என்பவர், இலைத்துரு பிடிக்காத ஒரு கோப்பிச் செடியைக் கவனித்துப் பெருக்கினார். அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட அந்த வகை தென்னிந்தியா முழுக்கப் பரவியது. சில ஆண்டுகளில் அதிலும் துரு பிடித்தது. பாலஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் மெய்ன் 1930களின் தொடக்கத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்த துருப் பூஞ்சணத்துக்குள் பல இனங்கள் இருந்தன. கென்ட் செடியைத் தாக்க முடியாத இனம் ஒதுங்க, தாக்கக் கூடியது பெருகி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பூஞ்சணம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான வித்திகளில் எங்கோ ஒன்றுக்குத் தற்செயலாகக் கிடைத்த திறன், அதற்கேற்ற செடி எங்கும் நடப்பட்டதால் ஆதாயமானது. செடியின் பாதுகாப்பு எவ்வளவு பரவலாகிறதோ, அதை மீறும் ஒட்டுண்ணிக்குக் கிடைக்கும் பரிசும் அவ்வளவு பெரிதாகிறது.

டயகமவுக்கு மேலே, தேயிலை முடிந்து மலைக்காடு தொடங்கும் எல்லையில் ஒற்றைப் பயிருக்கும் கலப்புக் காட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். காட்டுக்குள்ளும் பூஞ்சணங்களும் புழுக்களும் ஏராளம். ஒரு மரத்தின் விதைகள் அதன் காலடியிலேயே விழுந்து முளைத்தால், அந்த மரத்தையே தின்னப் பழகிய பூச்சியும் நோயும் அவற்றை எளிதில் முடித்துவிடும். தள்ளி விழுந்தவை தப்பும். அதனால் எந்த ஒரு மரமும் காட்டை முழுதாகப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. 1970இல் டானியல் ஜான்சனும் 1971இல் ஜோசப் கொனலும் தனித்தனியே முன்வைத்த இந்தக் கருத்து, வெப்பமண்டலக் காடுகளில் ஏன் இத்தனை வகை மரங்கள் என்ற கேள்விக்கான வலுவான விடைகளில் ஒன்று. அந்தக் காட்டில் பன்மையைக் காத்துநிற்கும் அதே சக்தி, எல்லைக்கு இப்பால் ஒற்றைப் பயிருக்கு எதிராகத் திரும்புகிறது. பழைய விதைத் தேயிலையில் செடிக்குச் செடி இலையின் நிறமும் அளவும் மாறும், நோய் தாங்கும் திறனும் அப்படியே. ஒரு தாய்ச் செடியின் தண்டிலிருந்து பதியமாக எடுத்த வி.பி. தேயிலையிலோ ஒரு மலை முழுக்க ஒரே செடியின் நகல்கள். விளைச்சலில் அது தந்த பலனை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் செடியில் ஒரு பலவீனம் இருந்தால், அது மலை முழுவதன் பலவீனம்.

ஒட்டுண்ணி என்றால் பயிருக்குப் பகை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக் கதை விட்டுப்போகும். மலையகத் தேயிலையின் பெரும் வெற்றிகளில் ஒன்று ஓர் ஒட்டுண்ணியின் வெற்றி.

இரண்டு தேயிலை இலைகளைப் பட்டு நூலால் சேர்த்துத் தைத்து, அந்த மறைவுக்குள்ளிருந்து தின்னும் ஒரு புழு இருக்கிறது. ஹோமோனா கொஃபியாரியா என்ற சிறிய அந்துப்பூச்சியின் புழு அது. 1861இல் நீட்னர் கோப்பியின் எதிரிகளை ஆராய்ந்தபோது பதிவு செய்த பூச்சி. கோப்பி போனதும் தேயிலைக்கு வந்து, கோப்பியில் செய்ததைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது. தைத்த இலைக்குள் இருப்பதால் மருந்தும் எளிதில் எட்டாது. 1935–36இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவிலிருந்து ஒரு குளவியைத் தருவித்தது. மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்பது அதன் பெயர். குளவி என்றதும் மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்களைத் துரத்திக் கொட்டிக் கொல்லும் பெருங்கூட்டம்தான் நினைவுக்கு வரும். இது அந்த வகையல்ல. மெலிந்த, தனித்துத் திரியும், மனிதரை ஒன்றும் செய்யாத சிறு பூச்சி. பெண்ணுக்குப் பின்னால் நீண்ட ஊசி ஒன்று உண்டு. தைத்த இலைமீது அமர்ந்து, உள்ளே இருக்கும் இளம் புழுவை ஊசியால் தேடி, அதன் உடலுக்குள் முட்டையிடும்.

பிறகு நடப்பது கண்ணுக்குத் தெரியாத சண்டை. புழுவின் இரத்தத்தில் காவல் உயிரணுக்கள் உண்டு. அந்நியப் பொருள் எதைக் கண்டாலும் சூழ்ந்து மூடிவிடும் அவை. இதே பேரினத்தைச் சேர்ந்த, சோளத் தண்டுப் புழுவைத் தாக்கும் இன்னொரு குளவியைச் சீனாவில் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் கருக்கள் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிய ஒரு புரதத்தைப் போர்த்திக்கொண்டு காவலின் கண்ணில் படாமல் தப்புகின்றன. அந்த வகையில் ஒரே முட்டை பிரிந்து பல கருக்களாகி, ஒரு புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவருகின்றன. காவலை முறியடிக்கும் குளவியும், குளவியைக் கண்டுகொள்ளும் புழுவும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று செதுக்கி வந்திருக்கின்றன. குளவியின் குஞ்சு வளர்ந்து வெளியேறும்போது புழு சாகிறது. கொப்புளப் பூஞ்சணம் தேயிலைச் செடியைக் கொல்வதில்லை, துளிர்விடும் செடி உயிரோடு இருந்தால்தான் அதற்கு வாழ்வு. இந்தக் குளவிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

சில ஆண்டுகளில் ஜாவாக் குளவி தேயிலைப் பகுதி முழுக்கப் பரவியது. இலை தைக்கும் புழு முக்கியமற்ற பூச்சியாகிவிட்டது. யாரும் கூலி கொடுக்காமல், யாரும் மேற்பார்வை பார்க்காமல், அது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை செய்தது.

பிறகு டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லி வந்தது. அது குறிவைத்தது வேறொரு பூச்சியை. நாவலப்பிட்டிப் பக்கம் 1892இல் தேயிலையில் முதலில் கண்டறியப்பட்ட, தண்டைத் துளைக்கும் கடுகளவு வண்டு அது. மிகச் சிறிய துளைகளைக் குடைந்து, வாயருகே உள்ள பையில் கொண்டுவந்த ஒரு பூஞ்சணத்தை அந்தச் சுரங்கத்தின் சுவரில் பயிரிடும். குஞ்சுகள் தின்பது மரத்தை அல்ல, அந்தப் பயிரை. துளைபட்ட கிளைகள் ஒடிந்து விழும். இந்த வண்டைக் கொல்ல இடைநிலத் தோட்டங்களில் டீல்ட்ரின் அடித்தார்கள். வண்டு குறைந்தது. கூடவே ஜாவாக் குளவியும் குறைந்தது. இலைக்குள் பாதுகாப்பாக இருந்த புழுக்கள் பெருகி, 1960களில் பல தோட்டங்களில் தேயிலையை மறுபடி நாசம் செய்தன. சுள்ளிப் புழு என்ற இன்னொரு பூச்சியும் அதேபோல் வெடித்துக் கிளம்பியது. ஆராய்ச்சி நிலையத்தின் தந்தநாராயணவும் கதிரவேற்பிள்ளையும் அதன் காரணங்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை, பூச்சிகொல்லி தன் எதிரியையே வளர்த்துவிடும் விதத்துக்கு உலகளவில் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளோடு வைத்துப் படிக்கத் தக்கது. ரேச்சல் கார்சன் அமெரிக்காவில் பூச்சிகொல்லிகளைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கே தேயிலைத் தூர்களுக்கிடையில் அதற்கான சான்று கிடந்தது. அது மலையகத்துக்கு வெளியே போதிய அளவு பேசப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஒட்டுண்ணிக் குளவிகள் பூச்சிகளின் எண்ணிக்கையை மட்டுமல்ல, அவற்றின் காலத்தையும் வகுக்கின்றன. குளிர்காலம் உள்ள நாடுகளில் பூச்சிகள் ஒரே நேரத்தில் முட்டையிட்டு ஒரே நேரத்தில் வளர்வதற்குப் பருவம் காரணம். குளிர்காலமே இல்லாத இலங்கையிலும் சில பூச்சிகள் அப்படி அலையலையாக வருவது ஏன்? கொட்ஃபிரேயும் ஹசலும் 1987இல் சொன்ன விளக்கம் இது: புழுவின் ஒரு குறிப்பிட்ட பருவத்தை மட்டும் தாக்கும் குளவி, தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் கால இடைவெளியாலேயே புழுத் தலைமுறைகளை வெட்டிப் பிரித்துவிடும். அடுத்த ஆண்டு அவர்கள் பெரேராவுடன் சேர்ந்து இலங்கைத் தென்னையின் கருந்தலைப் புழுவை அந்தக் கண்ணோடு ஆராய்ந்தார்கள். எல்லா இடத்திலும் குளவிதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் ககோஷிமாவில் தேயிலை இலைச் சுருட்டுப் புழுவைப் பற்றிய அரை நூற்றாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வெப்பநிலை உயர்வே அலைகளைக் கிளப்புகிறது என்று 2013இல் காட்டினார்கள்.

வெப்பநிலைதான் மலையகத்தில் ஒட்டுண்ணிகளுக்கு வேலி. தண்டு துளைக்கும் வண்டு இடைநிலத்தில் கொடிகட்டிப் பறக்கும், கடல்மட்டத்திலிருந்து 1,500 மீற்றருக்கு மேல் போனால் அரிது. வேரைப் புண்ணாக்கும் நுண்புழு ஒன்றுக்கு மேட்டுநிலத்தின் குளிர்ந்த மண்தான் பிடிக்கும். இலங்கைத் தேயிலையில் அதை ஆராய்ந்த லூஸ் என்பவரின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. கொப்புள நோயும் மேட்டுநிலத்துக்காரன். டயகம போன்ற உச்சித் தோட்டங்கள் வண்டிலிருந்து தப்பிக் கொப்புளத்தில் மாட்டிக்கொண்டவை. மலை சூடேறச் சூடேற இந்த வேலிகள் மேல்நோக்கி நகரும், சில ஒட்டுண்ணிகளின் பரப்பு விரியும், சிலவற்றினது சுருங்கும்.

இந்த வெப்பநிலை வேலி மனிதரின் ஒட்டுண்ணிகளுக்கும் பொருந்தும். 1916இல் றொக்ஃபெல்லர் நிறுவனத்தின் சுகாதாரக் குழு மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, பரிசோதித்த தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. முட்டை மலத்தோடு மண்ணில் விழும். ஈரமும் நிழலும் சூடும் இருந்தால் பொரிக்கும். குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் கொக்கிபோட்டு இரத்தம் குடிக்கும். நிழல் மரம், ஈர மண், செருப்பில்லாத கால், கழிவறையில்லாத லயம் என்று தோட்டம் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் வைத்திருந்தது. மருந்து கொடுத்துக் குணமானவர்களுக்கு மறுபடி புழு ஏறியது. கழிவறை கட்டச் செலவிடத் தோட்ட உரிமையாளர்கள் தயங்கினார்கள். பழியோ தொழிலாளரின் பழக்கவழக்கத்தின்மேல் விழுந்தது.

குளிர்ந்த உச்சித் தோட்டங்களில் கொக்கிப்புழுவின் முட்டை பொரிப்பது மந்தம். அங்கே குடியிருப்பது உருண்டைப்புழு. அதன் பெண் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டை இடும். தடித்த ஓட்டுக்குள் அந்த முட்டைகள் குளிரைத் தாங்கி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். நுவரெலியா உட்பட ஐந்து மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வு, பத்தாண்டுகளாகப் பூச்சி மாத்திரை கொடுத்த பிறகும் 29 சதவீதமானோரிடம் மண்வழிப் புழுக்கள் இருப்பதைக் கண்டது. அவற்றில் பெரும்பங்கு உருண்டைப்புழு, கொக்கிப்புழு மிகச் சொற்பம். மாத்திரை குடலிலுள்ள புழுவைக் கொல்லும், முற்றத்து மண்ணிலுள்ள முட்டையை ஒன்றும் செய்யாது. ஒரு பிள்ளை மாத்திரை விழுங்கிய சில மாதங்களில் மறுபடி புழு ஏற்றிக்கொள்வது, அந்தப் பிள்ளை குடியிருக்கும் லயத்துக்கு எத்தனை கழிவறை, அவற்றில் எத்தனைக்குத் தண்ணீர் வருகிறது, பீலியிலிருந்து வரும் நீர் எந்தக் கழிவறைக்குக் கீழாக ஓடி வருகிறது என்பவற்றைப் பொறுத்தே இருக்கிறது.